கார் ஸ்டீரியோவில் சத்தம் வந்து வந்து போகிறது: சரி பண்ணலாமா, புதுசு போடலாமா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013 மாடல் ஹேட்ச்பேக், 82,000 கிலோமீட்டர் ஓடியது, நான் இரண்டாவது ஓனர். ஸ்டீரியோ காரோடு வந்ததே, டபுள் டின் சைஸ் (இரண்டு அடுக்கு உயரம்), எஃப்எம், சிடி, யுஎஸ்பி, ப்ளூடூத் எல்லாம் உண்டு. மூன்று மாதமாக ஒரு தொல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலு ஸ்பீக்கரிலும் சத்தம் நின்றுவிடுகிறது. டிஸ்ப்ளே எரிகிறது, பாட்டின் நிமிடக் கணக்கு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் சில சமயம் வரும், சில சமயம் அன்று முழுக்க வராது, மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பாடும். எஃப்எம், யுஎஸ்பி இரண்டிலும் இதே கதைதான்.

இதோடு இன்னொன்று. வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கடிகாரம் 1:00 என்று காட்டுகிறது, சேமித்து வைத்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்து போயிருக்கிறது. சிடி ஒரு வருஷமாகவே ஓடவில்லை, உள்ளே ஒரு சிடி மாட்டிக்கொண்டுவிட்டது, அதை விடுங்கள்.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கழற்றிக்கூடப் பார்க்காமல் “செட் போயிடுச்சு சார், நாங்க போர்டு வேலை எல்லாம் பண்றதில்ல, முழுசா மாத்திடுங்க” என்று 28,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஆக்சசரீஸ் கடையில் 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட், பிரேம் எல்லாம் சேர்த்து 13,500, ரிவர்ஸ் கேமரா சும்மா தருகிறோம் என்கிறார்கள். டிவி, ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் “ஆடியோ ஐசி போயிருக்கும், 1,800 ஆகும், கேரண்டி கேட்கக்கூடாது” என்றார். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் சில்லாம் அது.

வண்டியை இன்னும் மூன்று நாலு வருஷம் வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறேன். எனக்குப் பெரிய திரையில் மேப் தெரிந்தால் நல்லது. ஆனால் அப்பா காரில் ஏறிய ஐந்தாவது நிமிடம் கொடைக்கானல் எஃப்எம் 100.5 வந்தாக வேண்டும், இல்லையென்றால் உசிலம்பட்டி போய்ச் சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். என்ன செய்யலாம்?

சால்டரிங்_அயர்ன்:

திருச்சியில் இருபது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம் தம்பி, நீங்கள் இரண்டு கோளாறு சொல்லியிருக்கிறீர்கள், மூன்று பேரும் அதை ஒன்றாகப் போட்டு “செட் போச்சு” என்று முடித்துவிட்டார்கள். சத்தம் போவது வேறு, கடிகாரம் அழிவது வேறு. இரண்டுக்குமே காரணம் செட்டுக்கு வெளியே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஐசி உண்மையிலேயே செத்துவிட்டால் செத்ததுதான், மறுநாள் காலையில் எழுந்து பாடாது. போர்டில் டிரை சால்டர், அதாவது ஈயப் பற்று சரியாகப் பிடிக்காத ஜாயின்ட், இருந்தால் வந்து வந்து போகும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது இரண்டாவது சந்தேகம். முதல் சந்தேகம் புரொடெக்‌ஷன். கார் செட்டில் இருக்கும் ஆடியோ ஐசி, டி.டி.ஏ. 7388 மாதிரியானவை, நாலு சேனலையும் ஒரே சில்லில் வைத்திருக்கும். ஏதாவது ஒரு ஸ்பீக்கர் ஒயர் வண்டியின் தகர பாடியில் பட்டால்கூட தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிவிடும். நிறைய செட்டில் அப்போது நாலு ஸ்பீக்கரும் சேர்ந்தே நின்றுபோகும். வெளியில் வாங்கும் சில செட்டுகளில் திரையில் ‘புரொடெக்ட்’ என்று எழுத்து வரும், காரோடு வரும் செட் பலவற்றில் ஒன்றும் வராது, சும்மா மௌனம்.

இங்கே நிறையப் பேருக்கு, ஏன், சில ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கே தெரியாத ஒன்று: கார் ஸ்டீரியோவில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலுமே பேட்டரி வோல்டேஜில் பாதி, சுமார் 6, 7 வோல்ட் நிற்கும். இரண்டிலும் ஒரே அளவு நிற்பதால் ஸ்பீக்கருக்கு அது தெரியாது. ஆனால் அதில் எந்த ஒன்று பாடியில் உரசினாலும் ஷார்ட்தான். வீட்டு ஆம்ப்ளிஃபயர் நினைப்பில் மைனஸைப் பாடியில் கொடுத்து ஐசியைச் சுட்டவர்கள் என் டேபிளுக்கு மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது. செட்டை வெளியே எடுங்கள். எடுக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் செட் திரும்ப கரண்ட் வந்ததும் கோடு (ரகசிய எண்) கேட்கும் வகையா என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், கோடு கேட்டு நிற்கும் செட்டை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் முழிக்கக்கூடாது. பின்னால் ஸ்பீக்கருக்கும் பவருக்கும் தனித்தனி கப்ளர் (ஒயர்களைச் சேர்த்து மாட்டும் பிளக்) இருந்தால் வேலை சுலபம். ஸ்பீக்கர் கப்ளரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒவ்வொரு ஜோடியாகப் பாருங்கள். நாலு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை பக்கம் காட்டும், அது சரி. அடுத்து ஒவ்வொரு ஒயருக்கும் பாடிக்கும் நடுவில் பாருங்கள், ஒன்றுமே காட்டக்கூடாது. காட்டினால் அந்த ஒயர்தான் திருடன். கலரை வைத்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். வெளியில் வாங்கும் செட்டில் முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா என்று ஒரு வழக்கம் உண்டு, கார் கம்பெனி ஒயரிங் அதைக் கேட்காது.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சத்தம் போவது எப்போது? ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதா, கதவைச் சாத்திய பிறகா, மழை நாளிலா?

நாலு_சக்கரம்:

அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் கடைப்பக்கம் போங்கள். நான் போன வருஷம் நேராகக் கடைக்குப் போனவன்.

எனக்கு எஃப்எம் இரைச்சல், டிஸ்ப்ளே மங்கல், அவ்வளவுதான் பிரச்சினை. ஆசைப்பட்டு ஆண்ட்ராய்டு செட் போட்டேன். கப்ளர் தனியாக வாங்க 600 ரூபாய் ஆகும் என்று அந்தப் பையன் கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டான், நான் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. தீபாவளிக்கு ரயிலில் ஊருக்குப் போய் ஐந்து நாள் கழித்து வந்தால் கார் செத்துக் கிடக்கிறது. புது பேட்டரி அது. ஜம்ப் கொடுத்து ஓட்டினேன், அடுத்த மாதம் திரும்பவும் அதே கதை. கடைசியில் ஒரு எலக்ட்ரீஷியன் பேட்டரி நெகட்டிவில் ஆம்ப் மீட்டரைத் தொடராகப் போட்டு, வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் விட்டுப் பார்த்தார். 0.3 ஆம்பியர் ஓடுகிறது! 0.05க்குள் இருக்க வேண்டுமாம். சாவியை எடுத்தால் திரை அணைகிறது, ஆனால் செட் உள்ளே தூங்காமல் விழித்திருக்கிறது, சீக்கிரம் ஆன் ஆகவேண்டும் என்பதற்காக இப்படி ஒரு செட்டிங்காம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.3ஐ 24ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-ஹவர் போகிறது, என் பேட்டரியே 35தான்.

எஃப்எம் அதைவிடக் கொடுமை. எங்கள் வண்டியில் ஆன்டெனா கூரையில் இருக்கிறது, அதன் அடியில் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது, அதற்கு செட்டிலிருந்து நீல ஒயரில் 12 வோல்ட் போக வேண்டும். பையன் அதைக் கொடுக்கவே இல்லை. ஊருக்குள் வரும் ஸ்டேஷன் மட்டும் வந்தது, பைபாஸ் தாண்டினால் இரைச்சல். கொடைக்கானல் எஃப்எம் கேட்கும் அப்பா இருக்கும் வீட்டில் இது குடும்பப் பிரச்சினை ஆகிவிடும், சொல்லிவிட்டேன்.

கொங்கு_டிரைவ்:

எல்லாரும் ரிப்பேர் பக்கமே பேசுகிறார்கள், நான் மறுபக்கம் பேசுகிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆன செட். இன்று ஒயர் என்பீர்கள், நாளை டிஸ்ப்ளே, நாளை மறுநாள் வால்யூம் நாப். ஒவ்வொரு தடவையும் டேஷ்போர்டைக் கழற்றிக் கழற்றி கிளிப் உடைந்து, அப்புறம் வண்டி முழுக்க கடகட சத்தம். போனை ஸ்டாண்டில் வைத்து, சின்னத் திரையில் மேப் பார்த்து, கால் வந்தால் கையில் எடுத்து... பாதுகாப்பு என்று பார்த்தாலே நல்ல செட்டுக்குச் செலவு செய்யலாம். ரிவர்ஸ் கேமரா ஒன்றுக்காகவே நான் மாற்றினேன், கோயம்புத்தூர் பார்க்கிங்கில் ஓட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ‘ஆண்ட்ராய்டு செட்’ வேண்டாம். ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் இருக்கும் சாதாரண செட் போதும், மேப், பாட்டு எல்லாம் போனில் ஓடும், செட் வெறும் திரை மாதிரி, அதனால் நாலு வருஷத்தில் மந்தமாகாது. சல்லிசான ஆண்ட்ராய்டு செட்டில் அட்டையில் 4 ஜிபி என்று இருக்கும், செட்டிங்கில் போய்ப் பார்த்தாலும் 4 என்றே காட்டும், உள்ளே இருப்பது 2. அதையும் மாற்றிக் காட்டத் தெரிந்தவர்கள்தான் விற்கிறார்கள். நான் சொல்லும் வகை 15,000இலிருந்து 25,000 வரை போகும், பிரேமும் ஸ்டீயரிங் பட்டனுக்கான இன்டர்ஃபேஸும் தனி. சென்னைப் பக்கம் வந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்குங்கள், முதல் கடை விலைக்கும் நாலாவது கடை விலைக்கும் வித்தியாசம் தெரியும்.

எதைப் போட்டாலும் உங்கள் வண்டிக்கான கப்ளர் வைத்துத்தான் மாட்ட வேண்டும், ஒரு ஒயரையும் வெட்டக்கூடாது என்று வாயால் சொல்லாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய செட்டைக் கடையில் விடாதீர்கள், “ஓல்டு எக்ஸ்சேஞ்ச் 500” என்பார்கள், கொடுக்காதீர்கள், வீட்டில் துணியில் சுற்றி வையுங்கள்.

சால்டரிங்_அயர்ன்:

கொங்கு சொல்வதில் தப்பில்லை, ஒன்றைத் தவிர. ஒயரில் ஷார்ட்டை வைத்துக்கொண்டு 20,000 ரூபாய்க்குப் புது செட் போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் வாயை மூடும். அப்போது கடைக்காரன் “ஸ்பீக்கர் மாத்துங்க” என்பான், அதற்கு ஒரு 6,000. அதனால் மாற்றுவதாக இருந்தாலும் ஒயரைப் பார்த்தபின் மாற்றுங்கள்.

என் டேபிளில் எதற்குச் செலவு செய்யலாம், எதற்குச் செய்யக்கூடாது என்றால்: ஃபியூஸ், டிரை சால்டர், வால்யூம் நாப்புக்குப் பின்னால் இருக்கும் என்கோடர், ஆடியோ ஐசி, இதெல்லாம் தாராளமாகச் சரி பண்ணலாம். வால்யூமைக் கூட்டினால் குறைகிறது என்று செட்டையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு, அந்தப் பாகம் நூறு ரூபாய்கூட இல்லை. ஆடியோ ஐசியில் மட்டும் கவனம், மார்க்கெட்டில் பழைய சில்லைத் தேய்த்துப் புது நம்பர் அடித்து விற்கிறார்கள், அந்தப் பெரியவர் கேரண்டி இல்லை என்று சொன்னதற்குக் காரணம் அதுவாகவே இருக்கும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மெயின் பிராசசர் போனது, தண்ணீர் புகுந்து போர்டு பச்சை பூத்தது, இரண்டுக்கும் என் கடையிலேயே “வேறு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றுதான் சொல்வேன்.

வைகைக்கரை:

அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் கவனித்துவிட்டு எழுதுகிறேன். ஸ்பீடு பிரேக்கரில் ஓரிரு தடவை போனது. ஆனால் அதைவிட, பெட்ரோல் போட இறங்கி ஏறினால் போகிறது! டிரைவர் கதவைத் திறந்து மூடிய பிறகுதான் பெரும்பாலும். மூன்று மாதமாக இதை நான் கவனிக்கவே இல்லை, நீங்கள் கேட்ட பிறகுதான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை செட்டைக் கழற்றுகிறேன். 350 ரூபாய்க்கு மீட்டர் வாங்கிவிட்டேன்.

சால்டரிங்_அயர்ன்:

அப்படியென்றால் செட்டைக் கழற்றும் முன் டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் அந்த ரப்பர் குழாயைப் பாருங்கள். கதவுக்குப் போகும் எல்லா ஒயரும் அதற்குள்தான் போகிறது, தினமும் பத்து தடவை மடங்கி நிமிர்கிறது. அந்த ரப்பரை ஒரு பக்கம் உருவி, ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பாருங்கள்.

கடிகாரம் அழிவதற்குத் தனியாக ஒரு வேலை. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பிடித்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.5க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. அங்கே சரியாக இருந்தால் டெர்மினலைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

நாலு_சக்கரம்:

இடையில் ஒரு சந்தேகம் அண்ணா. என் பின் ஸ்பீக்கர் சத்தம் கூட்டினால் கரகர என்கிறது, இதுவும் ஒயரா?

சால்டரிங்_அயர்ன்:

இல்லை, அது ஸ்பீக்கரே. பின்னால் வெயில் விழுந்து கோனைச் சுற்றி இருக்கும் ஃபோம் மாவாக உதிர்ந்திருக்கும். கிரில்லைக் கழற்றி விரலால் தொட்டால் தெரிந்துவிடும். ஜோடியாக மாற்றுங்கள்.

வைகைக்கரை:

கண்டுபிடித்துவிட்டேன், அல்லது கண்டுபிடித்தோம் என்று சொல்ல வேண்டும், அப்பாதான் டார்ச் பிடித்தார்.

ரப்பர் குழாயை உருவியதும் ஒன்றும் தெரியவில்லை, எல்லா ஒயரும் நன்றாகத்தான் இருந்தது. ஏமாற்றமாகிவிட்டது. அப்புறம் பிடிவாதமாக செட்டைக் கழற்றி, மீட்டர் ஒரு முனையை முன் வலது ஸ்பீக்கர் ஒயரிலும் இன்னொன்றை பாடியிலும் வைத்துக்கொண்டு, அப்பாவைக் கதவை மெதுவாகத் திறக்கச் சொன்னேன். முழுக்கத் திறந்தால் ஒன்றும் இல்லை, மூடினால் ஒன்றும் இல்லை, பாதியில் நிறுத்தினால் 0.4 ஓம்! திரும்பப் போய்ப் பார்த்தால் ரப்பருக்குள் இல்லை, ரப்பர் முடிந்து பாடிக்குள் நுழையும் ஓட்டையின் தகர விளிம்பில் ஒரு ஒயர் உரசி உரசி செம்பு பளபள என்று தெரிகிறது. ரப்பர் எப்போதோ அந்த ஓட்டையிலிருந்து நழுவியிருக்கிறது. முதல் ஓனர் அந்தப் பக்கம் கதவில் ஏதோ டிங்கரிங் பார்த்திருக்கிறார், பெயிண்ட் லேசாக வித்தியாசம் இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

டேப் சுற்றி விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் விடவில்லை. மடங்கும் இடத்தில் ஜாயின்ட் வரக்கூடாது என்று, உரசிய பகுதியை வெட்டி எடுத்து, மெல்லிய இழை அதிகமுள்ள ஒயரை ஒரு அடிக்குக் கொடுத்து, இரண்டு ஜாயின்டையும் குழாய்க்கு வெளியே வைத்து சால்டர் அடித்து ஸ்லீவ் போட்டுச் சுருக்கினார். ரப்பரை ஓட்டையில் சரியாக உட்கார வைத்தார். 400 ரூபாய்.

பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது 10.3 காட்டியது, அதாவது பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. நெகட்டிவ் டெர்மினல்தான் வெள்ளைப் பொடி பூத்துக் கையால் சுற்றினால் சுற்றியது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினேன். இன்றோடு பன்னிரண்டு நாள், கடிகாரம் சரியாக ஓடுகிறது, சத்தம் ஒரு தடவைகூடப் போகவில்லை. நேற்று உசிலம்பட்டி போய்வந்தோம், போகும்போதும் வரும்போதும் 100.5தான், மேப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கொங்கு அண்ணா, கேமரா ஆசை போகவில்லை. ரியர் வியூ கண்ணாடியிலேயே திரை இருக்கும் வகை ஒன்று 3,000 ரூபாய் பக்கத்தில் பார்த்தேன், அது போதுமா, தரம் எப்படி?

கொங்கு_டிரைவ்:

பார்க்கிங்குக்குப் போதும். வெயிலில் திரை கொஞ்சம் மங்கலாகத் தெரியும், இரவில் நன்றாக இருக்கும். ரிவர்ஸ் லைட்டிலிருந்து கரண்ட் எடுக்கும்போது டிக்கிக் கதவின் ரப்பர் குழாய் வழியாகத்தான் ஒயர் போகும். இனி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ரப்பரை ஒழுங்காக உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

கடைசியாக ஒன்று. அந்த மாட்டிய சிடியை எடுக்க வழி இருக்கிறதா? அம்மாவின் சஷ்டி கவசம் சிடி, கடையில் இப்போது சிடியே கிடைப்பதில்லை என்கிறார். வாயில் ஸ்கேல் விட்டு நெம்பலாமா?

சால்டரிங்_அயர்ன்:

ஸ்கேல், கத்தி, ஹேர்பின் எதுவும் விடாதீர்கள், லென்ஸ் போய்விடும், சிடியும் கீறிவிடும். செட்டைத்தான் ஒரு தடவை கழற்றிப் பழகிவிட்டீர்களே. மேல் தகரத்தில் நாலு அல்லது ஆறு ஸ்குரூ இருக்கும், கழற்றினால் சிடி மெக்கானிசம் கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் சின்ன வெள்ளைப் பல்சக்கரம் இருக்கும், அதை விரலால் மெதுவாகச் சுற்றினால் சிடி தானாக வெளியே வரும். ஒரு பக்கம் சுற்றி இறுக்கமாக இருந்தால் மறுபக்கம் சுற்றுங்கள். பட்டையான ரிப்பன் கேபிள் ஒன்று போகும், அதை மட்டும் இழுத்துவிடாதீர்கள். சிடி கையில் வந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் போட்டு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள்.